பன்னிரண்டு பிளைண்ட் கையில் இருக்கும்போது காத்திருக்காதீர்கள்

கேள்வி: அரிசோனாவில் வேலை பார்க்கிறேன். அவ்வப்போது லாஸ் வேகாஸ் சென்று, 150 டாலர் கட்டி ஒரு டர்போ (வேகமாக முடியும்) போக்கர் போட்டியில் ஆடுகிறேன். தொடக்கத்தில் 20,000 சிப் தருகிறார்கள். சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயமான பிளைண்ட், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். நல்ல சீட்டுக்காகப் பொறுமையாக இருந்தும், இரண்டு மணி நேரத்தில் 12,000க்கு இறங்கிவிடுகிறேன். அப்போது பிளைண்ட் 500-1,000 ஆகியிருக்கும். அதன் பிறகு ஒருமுறைகூட மீண்டதில்லை. நண்பர் ஒருவர், ஏஜென்ட் மூலம் செல்பேசிச் செயலியில் சிப் வாங்கிப் பழகச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் சீட்டு மோசமில்லை, கடிகாரத்தைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கையால் சீட்டுப் போடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டம்தான் நடக்கும். அப்படியானால் ஒரு பிளைண்ட் நிலைக்குள் உங்களுக்குக் கிடைப்பது பத்து ஆட்டம். கைக்கு வரும் இரண்டு சீட்டில் நீங்கள் காத்திருக்கும் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் ஆகிய நான்கும் சேர்ந்தே சராசரியாக 39 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிளைண்ட் மூன்று முறை ஏறிவிடும்.

மேசை ஒரு சுற்று வரும்போது சிறிய பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000, இப்போது பல இடங்களில் பெரிய பிளைண்ட் போடுபவரே எல்லோருக்கும் சேர்த்துக் கட்டும் ஆன்டி என்ற கூடுதல் கட்டாயத் தொகை 1,000, ஆக 2,500 போய்விடும். எதையும் ஆடாமல் ஒரு சுற்று உட்கார்ந்திருந்தால் 12,000 என்பது 9,500 ஆகும். அந்த நேரம் பிளைண்டும் 600-1,200க்கு ஏறியிருக்கும். கையிருப்பைப் பெரிய பிளைண்டால் வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டு பிளைண்டோடு இருந்தவர் எட்டுக்கும் கீழே வந்துவிட்டீர்கள், ஒரு சீட்டைக்கூட ஆடாமல்.

ஆகவே 12 பிளைண்டுக்கு இறங்கியபின் உங்களுக்கு இரண்டே வழி: சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகுவது, அல்லது முதல் ஆளாக ஆல்-இன் வைப்பது, அதாவது கையில் உள்ள எல்லாச் சிப்பையும் பந்தயம் கட்டுவது. பாதி சிப்பைப் போட்டுவிட்டு, மேசையில் விரியும் சீட்டைப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற நினைப்பை விடுங்கள். பிளைண்டை மட்டும் கட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

ஒரு கணக்கு பாருங்கள். உங்களிடம் 10 பிளைண்ட் இருக்கிறது, பிளைண்ட் கட்டிய இருவருக்கு முன் கடைசியாக முடிவெடுக்கும் இருக்கையான டீலர் பட்டனில் இருக்கிறீர்கள், உங்களுக்கு முன் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். நடுவில் இரண்டரை பிளைண்ட் கிடக்கிறது. ஆல்-இன் வைக்கிறீர்கள். பத்தில் ஆறு முறை மீதி இருவரும் விலகினால் அந்த இரண்டரை உங்களுக்கு. மற்ற நான்கு முறை பெரிய பிளைண்ட்காரர் எதிர்த்து வருகிறார். அப்போது உங்கள் வெற்றி வாய்ப்பு வெறும் 35 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூட்டிக் கழித்தால், ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக அரைப் பிளைண்ட் லாபம். சீட்டைக் காட்டினால் தோற்கும் நிலையில் இருந்தும் லாபம் வருகிறது, ஏனென்றால் பாதிக்கு மேற்பட்ட தடவை யாரும் உங்கள் சீட்டைப் பார்க்கவே இல்லை. டர்போ ஆட்டத்தின் உயிரே இதுதான். ஐந்து பிளைண்டுக்கு இறங்கிவிட்டால் இந்தப் பலம் போய்விடும். உங்கள் ஆல்-இன்னுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

எந்தச் சீட்டு? முதலில் முடிவெடுக்கும் இருக்கைகளில் 6-6 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ஜாக்கும் அதற்கு மேலும். பட்டனில் எந்த ஜோடியும், எந்த ஏஸும், இரண்டுமே பத்தோ அதற்கு மேலோ ஆன சீட்டும். நடு இருக்கைகளுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இன்னொருவர் முந்திக்கொண்டு ஆல்-இன் வைத்துவிட்டால் இந்த அளவு செல்லாது. அவர் விலகப்போவதில்லை என்பதால் உங்களுக்கு 9-9 ஜோடி, ஏஸ்-குயின் போன்றவை வேண்டும். ஏஸ்-இரண்டை வைத்துக்கொண்டு ஏஸ்-கிங்கிடம் மாட்டினால் நான்கில் ஒரு முறைதான் தப்பிப்பீர்கள்.

இந்த அளவுகளை அட்டவணையாகப் போட்டு இருநூறு, முந்நூறு டாலருக்கு விற்கும் 'பயிற்சியாளர்கள்' இருக்கிறார்கள். அதே அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை எதிராளி சரியாகக் கணக்குப் போட்டு எதிர்ப்பார் என்ற எண்ணத்தில் தயாரிக்கப்பட்டவை. 150 டாலர் போட்டியில் உட்காரும் சுற்றுலாப் பயணி அப்படி ஆடமாட்டார். ஏஸ் ஒன்றைப் பார்த்தாலே எதிர்த்து வருவார். எனவே அட்டவணையின் கடைசி வரிசையில் உள்ள பலவீனமான சீட்டுகளைத் தவிருங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பரிசாகப் பணம் தராமல் பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டுத் தரும் 'சாட்டிலைட்' ஆட்டங்களும் பெரும்பாலும் டர்போ வேகத்தில்தான் நடக்கும். பத்து நுழைவுச்சீட்டு, பதினொரு பேர் மீதம் என்று வையுங்கள். உங்களிடம் 15 பிளைண்ட், வேறு இருவரிடம் இரண்டிரண்டு பிளைண்ட். மேசையிலேயே அதிகச் சிப் வைத்திருப்பவர் ஆல்-இன் வைக்கிறார். உங்கள் கையில் ஏஸ் ஜோடி. சாதாரணப் போட்டியில் யோசிக்கவே வேண்டாம், எதிர்க்கலாம். இங்கே சீட்டைப் போட்டுவிட்டு விலக வேண்டும். அவர் கையில் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்று வைத்தாலும் ஏஸ் ஜோடி வெல்வது நூற்றுக்கு 85 முறைதான். மீதிப் 15 முறை வெறுங்கையோடு வெளியேறுவீர்கள். விலகினால், அந்த இருவரில் ஒருவர் சில ஆட்டங்களில் காலியாகிவிடுவார். நுழைவுச்சீட்டு ஏறக்குறைய உறுதி. ஜெயித்துச் சிப்பை இரட்டிப்பாக்கினாலும் உங்களுக்கு இரண்டு நுழைவுச்சீட்டு தரமாட்டார்கள். ஏஸ் ஜோடியைக் கீழே வைக்க மனம் வராமல் இந்த இடத்தில் வெளியேறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கைக்கு வந்ததைத் தாங்களே தள்ளிவிடுகிறார்கள்.

இனி அந்த ஏஜென்ட். செயலி நடத்தும் நிறுவனம் 'எங்கள் சிப்புக்குப் பண மதிப்பு இல்லை' என்று விதிமுறையிலேயே எழுதிவிடுகிறது. அதற்குள் தனியார் 'கிளப்' திறந்து, சிப்பைப் பணத்துக்கு விற்று, வாராவாரம் கணக்குத் தீர்ப்பது ஏஜென்ட். உங்கள் பணம் இருப்பது அவர் வாட்ஸ்அப் கணக்கில் மட்டுமே. மேசையில் இருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆடினாலும் உங்களுக்குத் தெரியாது. சிறு தொகை ஜெயித்தால் உடனே அனுப்புவார், அதுதான் தூண்டில். தொகை பெரிதானதும் 'உங்கள் ஆட்டத்தில் சந்தேகம், கணக்கு முடக்கம்' என்பார். எங்கே போய்ப் புகார் கொடுப்பீர்கள்? 'ஆட்டத்தில் பிடிக்கும் கமிஷனில் பாதி திருப்பித் தருகிறோம்' என்று ஆசை காட்டுவதும் இவர்களே.

இதே ஏஜென்டுகள் தமிழ்நாட்டிலும் ஆள் பிடிக்கிறார்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் வந்தது, விளம்பரம் செய்த பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. வாட்ஸ்அப் குழுவில் ஒளிந்திருப்பவரைத் தேடிப் போக யாருக்கும் நேரமில்லை.

பழக வேண்டுமானால் நண்பர்கள் நால்வரை வீட்டுக்கு அழையுங்கள். ஆளுக்குப் பத்துப் பிளைண்ட் கொடுத்து, பணமே இல்லாமல் ஓர் இரவு முழுக்க ஆல்-இன்னும் விலகலும் மட்டும் ஆடிப்பாருங்கள். சூதாட்ட விடுதிக்குப் போனால் பதிவு செய்யுமுன் கவுன்டரில் போட்டியின் அமைப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பரிசைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் கட்டணத்தைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள். 150 டாலரில் 115தான் பரிசுக்குப் போகிறது என்றால், அந்தப் போட்டியில் நன்றாக ஆடுபவருக்கும் லாபம் நிற்பது கடினம். பணியாளர் நிதிக்குப் பத்து டாலர் கூடுதலாகத் தந்தால் 5,000 சிப் என்றிருந்தால் மட்டும் தயங்காமல் கொடுங்கள். அந்த விலைக்குச் சிப் வேறெங்கும் கிடைக்காது.

கட்டியது, ஜெயித்தது எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்க வரிச் சட்டப்படி, 2026 முதல் சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க முடியும். ஆண்டு முழுவதும் 10,000 டாலர் ஜெயித்து 10,000 தோற்றவர், கையில் ஒரு காசு மிஞ்சாமல் 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். இதை எழுதியவர்கள் ஒரு போட்டிக்காவது பணம் கட்டி உட்கார்ந்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ரசீது இல்லையென்றால் அந்த 90 சதவீதமும் இல்லை.