சோலர் பற்றரிப் பெட்டி வெடித்தது: ஐதரசன் தானாக வெடிக்குமா?

தானாக வெடிக்காது, பொறி வேண்டும். மாங்குளத்து வீட்டில் சார்ச் ஏறும்போது கிளிப்பைக் கழற்றியதும் 'டப்' என்று வெடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சார்ச் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும்; அதைப் பற்றவைத்தது பெரும்பாலும் அந்தக் கிளிப்பில் பறந்த பொறிதான். ஐதரசன் மூலக்கூற்றின் பிணைப்பு உறுதியானது. சாதாரண வெப்பநிலையில் ஒட்சிசனோடு கலந்தும் சும்மா கிடக்கும். காற்றில் 4 முதல் 75 வீதம் வரை இருந்தால் மிகச் சிறிய பொறியே போதும்.

பெட்டியைக் காற்றாட விட்டு, அப்புறம் உச்சி வெயிலில் மீற்றரால் அளந்து பாருங்கள். 12 வோல்ற் பற்றரியில் 14.4ஐ நன்றாகத் தாண்டினால் சார்ச் கொன்ற்றோலரில் (சார்ச் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கருவி) சந்தேகம்; சார்ச் மிஞ்சினால் வாயுவும் கூடும்.

ஆனால் நல்ல பற்றரியிலும் இந்த வாயு வரும். மேலே ஏறும் என்பதால் பெட்டி மூடியின் உச்சியில் துளை கட்டாயம். விரிசல் விட்ட பற்றரியைத் தயவுசெய்து மீண்டும் இணைக்காதீர்கள், உள்ளே அமிலம்.