பீரோவில் இருக்கும் ஐந்து அட்டை

கேள்வி: எனக்கு வயது 24. முதல் பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. நானும் கணவரும் மாநிறம். குழந்தை சிவப்பாகப் பிறக்கப் பாலில் எவ்வளவு குங்குமப்பூ போட்டுக் குடிக்க வேண்டும்? அத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். நர்சம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்று அத்தை சொல்வதால் அதைச் சாப்பிடுவதில்லை. பீரோவில் ஐந்து அட்டை இருக்கிறது. நர்சம்மா கேட்டால் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் மாதம் ரத்தம் 10.4 இருந்தது, இப்போது 8.9. வரும் செவ்வாய்க்கிழமை செக்கப். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார்.
– பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்: மகளே, குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. உன் கேள்வி அதோடு முடிந்தது. போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே ஐந்து அட்டை, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

அட்டைக்குப் பத்து என்றாலும் ஐம்பது மாத்திரை. உன் வயிற்றுப் பிள்ளைக்குச் சேர வேண்டியது சேலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. அதைவிடப் பெரிய தப்பு, நர்சம்மாவிடம் சொன்ன பொய். நீ சாப்பிடுகிறாய் என்று அவர் நம்பி எழுதிவைப்பார். மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாமல் இறங்குகிறதே என்று டாக்டர் வேறு நோயைத் தேடுவார். பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவா, குடல் புழுவா, எங்காவது ரத்தக் கசிவா என்று பரிசோதனை மேல் பரிசோதனை எழுதுவார். நோய் பீரோவுக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நீ ரத்தம் என்று எழுதியிருக்கும் அளவு ஹீமோகுளோபின். கர்ப்பிணிக்கு அது 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் 8.9-ஐ அந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். நல்ல ரத்தம் உள்ளவள் அதைத் தாங்கிக்கொள்வாள். உன் நிலையில் இருப்பவளுக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை.

இனி பிள்ளைக்கு வருகிறேன். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய 1 கிராம். அதில் சுமார் 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. குழந்தை தன் சேமிப்பில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதத்தில்தான், அதாவது நீ இப்போது இருக்கிற இந்த மாதங்களில்தான், உன்னிடமிருந்து இழுத்துக்கொள்கிறது. பிறந்து நாலு முதல் ஆறு மாதம் வரை அந்தச் சேமிப்பை வைத்தே பிழைக்கும். தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது, ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவு. ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. மூளை நரம்புகளுக்கு மயலின் உறை படிவதற்கும், நரம்புச் செய்திகளைக் கடத்தும் ரசாயனங்கள் உருவாவதற்கும் இரும்பு வேண்டும். பிறகு டானிக் கொடுத்து ரத்தத்தை ஏற்றிவிடலாம்; அந்த மாதங்களில் மூளைக்குக் கிடைக்காமல் போனது முழுசாக மீளாமலும் போகலாம்.

நிறம், தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமியின் சமாச்சாரம். அது உங்கள் இருவர் வழியாக, தாத்தா பாட்டிகளிடமிருந்து வருகிறது. பிறந்த குழந்தை வெளுப்பாக, சிவந்து தெரிவதும், வாரங்கள் போகப் போகத் தன் சொந்த நிறத்துக்கு வருவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாத்திரையால் கறுப்பாவது மலம் மட்டுமே. குடல் உறிஞ்சாத இரும்பு அப்படி வெளியேறுகிறது. அதைப் பார்த்துத்தான் யாரோ பிள்ளையின் நிறத்தோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். அப்படியே கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன? அந்த வீட்டில் அதற்குப் பாசம் குறைந்துவிடுமா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ஐந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போ. மேசை மேல் வைத்து, "இதுவரை சாப்பிடவில்லை" என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள். அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. உன் அளவுக்கு வழக்கமாகத் தினம் இரண்டு தருவார்கள். பிரசவத்துக்கு இருக்கும் நாளைப் பார்த்து, டிரிப்ஸ் மூலம் இரும்பு ஏற்றலாம் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதே. புழு மாத்திரை போட்டாயா என்பதையும் மறைக்காமல் சொல். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கும்போது ரத்தம் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும்; ஏறாவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது சாப்பிடும் முறையில். குங்குமப்பூப் பாலோடு சேர்த்து இந்த மாத்திரையை விழுங்கிவிடாதே. பாலில் உள்ள கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஆகாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்றோடு சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் போடு. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம். குமட்டுகிறது என்று நீயாக நிறுத்தாதே. நர்சம்மாவிடம் சொன்னால் வேறு வழி சொல்வார்.

பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பதே என் கட்சியும். உன் அத்தை கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாமியார் மனம் கோணக்கூடாது என்பதற்காகப் பிள்ளையின் பங்கை எடுத்துவைக்க உனக்கு உரிமை இல்லை. உன் கணவரை மட்டும் சும்மா விட முடியுமா? பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறவர் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் போட்டு "மாத்திரை போட்டியா?" என்று கேட்கட்டும். தன் அம்மாவிடம் பேசுவதும் அவர் வேலை, உன் தலையில் கட்டக்கூடாது. அத்தையையும் செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போ. 8.9 என்றால் என்ன என்பதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.

பிரசவ அறையில் குழந்தை அழுது நன்றாக மூச்சுவிட்டால், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டும்படி இப்போதே கேட்டு வை. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் நிற்கும் ரத்தம் குழந்தைக்குள் இறங்கும், அதோடு இரும்பும். பிரசவத்துக்குப் பிறகு நீ 180 நாள் மாத்திரையைத் தொடர வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு மசித்த பருப்பு, கீரை, முட்டை, ஈரல் கொடுக்கத் தொடங்கு. இரும்புச் சத்து மருந்து வாரம் இரண்டு முறை 1 மில்லி என்று நர்சம்மா தருவார். அந்த பாட்டிலையும் பீரோவில் வைத்துவிடாதே.