இலை வெட்டுவது உங்கள் மகளின் வேலையா?

கேள்வி: பாப்பாக்குடி வட்டாரத்தில் சின்ன ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகள். பள்ளியை மூடி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்ப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம். எங்கள் கீழத்தெருவை அந்தப் பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். முடிவை வாபஸ் வாங்கும்வரை யாரும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி 20 நாளாகிறது. மகள் நாலாம் வகுப்பு. பாப்பா வீட்ல சும்மா இருக்கல, எனக்குப் பீடிக்கு இலை வெட்டித் தாரா. அனுப்பினால் ஊரில் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். கணவர் கேரளாவில் வேலை பார்க்கிறார். கூட்டத்தை முன்னின்று நடத்துவது அவருடைய அண்ணன். பள்ளியைக் காப்பாற்ற என்ன வழி?

பதில்: பள்ளியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, போகிற போக்கில் இலை வெட்டுவதையும் சொல்லியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். 9 வயதுப் பிள்ளை கத்தரியும் சுளகுமாக உட்கார்ந்து 20 நாளாகிறது. முக்கூடல் சுற்று வட்டாரத்தில் இது எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதல் வாரம் கூடமாட ஒத்தாசை. அடுத்த வாரம் ஆயிரம் பீடி வெள்ளனவே முடிகிறது. அதற்கடுத்த வாரம் கடையில் கூடுதலாக இலை வாங்கி வந்துவிடுவீர்கள். அப்புறம் பள்ளி திறந்திருந்தாலும் பிள்ளையின் கை இல்லாமல் கணக்கு முடியாது.

14 வயது நிரம்பாத பிள்ளையைப் பீடி வேலையில் உட்காரவைக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வீட்டுத் திண்ணையில்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஊர்க்கூட்டத்தின் கடமை என்று அதில் இல்லை.

நாளைக் காலையே அனுப்புங்கள். தனியாகப் போகப் பயமென்றால் கீழத்தெருத் தாய்மார்கள் நாலு பேர் சேர்ந்து கூட்டிப் போங்கள். கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எந்த வேனில் போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் புறக்கணிப்பு பள்ளியைக் காப்பாற்றாது, மூடத்தான் உதவும். ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1-ம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். தினசரி வருகை செல்போன் செயலி வழியே மேலே போய்க்கொண்டிருக்கிறது. தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையை இடைநின்றவர் கணக்கில் சேர்ப்பார்கள். பொறுக்க முடியாத பெற்றோர் டி.சி. வாங்கிக்கொண்டு டவுன் பள்ளிக்குப் போவார்கள். விசாரித்துப் பாருங்கள், இந்த 20 நாளிலேயே ஒன்றிரண்டு போயிருக்கும். 19 என்பது 12 ஆனபிறகு எந்த அதிகாரியிடம் போய் என்ன பேசுவீர்கள்? இதற்கிடையில் காலை உணவும், முட்டையோடு மதியச் சாப்பாடும் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது தனி.

இனி சண்டைக்கு வருவோம். அது பெரியவர்கள் காகிதத்தில் போட வேண்டிய சண்டை.

முதலில் உத்தரவு எங்கே? ‘மூடப் போகிறார்களாம்’ என்கிறீர்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஊரே கொதித்துப்போவது வழக்கமாக நடப்பதுதான். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இணைப்பு உத்தரவின் நகல், கீழத்தெருவை மாற்றி எழுதிய ஆவணம், தூரம் அளந்த குறிப்பு, இந்த மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அது வரும்வரை தூரத்தை நீங்களே அளந்துவிடுங்கள். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தையோ, வரைபடத்தில் நேர்கோட்டையோ அளந்தால் 800 மீட்டர் என்று வரும். பிள்ளை நடப்பது வீட்டு வாசலிலிருந்து. கீழத்தெருக் கடைசி வீட்டில் தொடங்கி, பிள்ளை போகும் பாதையிலேயே செல்போனில் அளந்துகொண்டு நடங்கள். 19 பிள்ளைகளுக்கும் பெயர், வகுப்பு, வீட்டிலிருந்து தூரம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். வெள்ளம், ரோடு இல்லாமை, வழியில் ஆபத்து என்றால் அந்த 1 கிலோமீட்டரையும் குறைக்க விதியில் இடம் உண்டு. வாய்க்கால் பாலத்துக்குக் கைப்பிடி இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்த போட்டோ யாரிடமாவது இருக்கும், தேடி எடுங்கள்.

இதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்குங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஊர்க்கூட்டத்தைவிட அதிகாரிகள் மதிக்க வேண்டியது இதைத்தான். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டம் 32-ம் பிரிவின்கீழ் எழுத்தில் தரும் புகாருக்கு, உங்களையும் விசாரித்து 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

மனுவில் ‘அந்த ஊரு ஆளுகளுக்கும் எங்களுக்கும் ஒத்து வராது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் உங்கள் கையெழுத்தை எடுத்துவிடுங்கள். 2023-ல் நாங்குநேரியில் சாதிவெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதைப் பார்த்த பிறகும் பிள்ளைகளை எந்த ஊர், எந்தத் தெரு என்று பிரிக்க நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஒருவேளை அளந்து பார்த்து 1 கிலோமீட்டருக்குள் வந்து, பாதையும் பத்திரமானது என்று தெரிந்தால், வீம்புக்கு நிற்காதீர்கள். 60 பிள்ளைவரை 2 ஆசிரியர்தான். அந்த இருவர் 5 வகுப்பு நடத்துகிறார்கள், ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒருவரே 5 வகுப்பும். கட்டடம் பெருந்தலைவர் காலத்தில் கட்டியது என்பதற்காகப் பிள்ளைகள் அப்படிப் படிக்க வேண்டுமா? அப்போது கேட்க வேண்டியது பாலத்துக்குக் கைப்பிடியும், கூட்டிப்போக ஆளும். தூரம் கூடுதலென்றாலும் சேர்த்தே தீருவோம் என்றால், போக்குவரத்துப் படி கேளுங்கள்.

கூலி குறைகிறதே என்பீர்கள். பீடி அடையாள அட்டை இருந்தால் மத்திய தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகைக்கு 1-ம் வகுப்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பள்ளி சரிபார்த்துக் கொடுத்தால்தான் அது நகரும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு யார் சரிபார்ப்பார்கள்?

கணவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். மகள் எந்தத் திண்ணையில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அப்படியே சொல்லுங்கள். அண்ணனிடம் பேச வேண்டியது அவர். ‘என் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்குப் போகும், ஊர் மனுவில் முதல் கையெழுத்தும் என் வீட்டுக் கையெழுத்துதான்’ என்று அவர் சொல்லட்டும். நாளைக் காலை உங்களை யாராவது மறித்துக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.