புளி தேய்த்த பித்தளை நடராசரில் இளஞ்சிவப்புத் திட்டு

வணக்கம். பாட்டி கொடுத்த நடராசரை இரவு முழுக்கப் புளியில் ஊறவைத்ததாகவும், இப்போது அங்கங்கே இளஞ்சிவப்பாகவும் சிலையைச் சுற்றிய வளைவான திருவாசியின் இடுக்கில் பச்சையாகவும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சிலை கெட்டுவிடவில்லை, பயப்படாதீர்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு அதிக நேரம் பட்டால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு எட்டிப் பார்க்கும். அந்தச் சிவப்பு அதுதான். பச்சை, இடுக்கில் தங்கிய புளியும் நம் சிங்கப்பூரின் ஈரக்காற்றும் சேர்ந்து செய்த வேலை.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, பழைய பல் துலக்கியால் இடுக்குகளைக் கழுவுங்கள். உடனே துடைத்து, ஹேர் டிரையரில் காயவையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் தானாகக் காயட்டும் என்று விட்டால் மறுபடி பச்சைதான். பிறகு சலித்த விபூதியைப் பருத்தித் துணியில் தொட்டு, திட்டின்மேல் மட்டும் மெதுவாக. ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம்!

முகத்தருகே இன்னும் கவனம். நன்றாக வார்த்த நடராசருக்கு வலக்காதில் ஆண்கள் அணியும் குழை, இடக்காதில் பெண்கள் அணியும் தோடு இருக்கும். அம்மை பாகம் அந்த இடப்பக்கம். என் வீட்டுச் சிலையில் நானே தேய்த்துத் தேய்த்துத் தோட்டை மழுக்கிவிட்டேன். காலடியில் மிதிபடும் அசுரன் முயலகனின் மூக்கும் போச்சு.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புதிதாக வாங்கியதென்றால் முதலில் லாக்கர் (lacquer) என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உலர்ந்த துணியே போதும்.