பழைய ரிம்ஃபயர் பிஸ்டலைச் சேகரிப்புக்காக வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கோல்ட் உட்ஸ்மேன் என்ற ரிம்ஃபயர் பிஸ்டல் (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துச் சுடும் வகை) ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அது புதிது போலப் பளபளப்பதால் கேட்ட விலையைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பளபளப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அதற்கு முன், சட்டம். உரிய உரிமம் கைக்கு வராமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898ஆம் ஆண்டு வரை தயாரானவற்றைப் பழம்பொருளாக நடத்துகிறது; 50 ஆண்டுகளைக் கடந்தவற்றைச் சேகரிப்புக்குரியவை என வகைப்படுத்தினாலும், அவை சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிகளே. பிற நாடுகளில் இந்த எல்லைகள் வேறு. ஆகவே, 'பழையதுதானே' என்று விற்பவர் சொல்வதை எங்கும் ஆதாரமாகக் கொள்ள முடியாது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த .22 அங்குலத் தோட்டா பிஸ்டல் 1915இல் விற்பனைக்கு வந்தது. 'உட்ஸ்மேன்' என்ற பெயர் 1927இல்தான் சூட்டப்பட்டது. உற்பத்தி 1977இல் நின்றது. அக்காலத்துத் தொழிற்சாலை நீலப்பூச்சு (துருவைத் தடுக்க எஃகுக்குத் தரும் கருநீல மேற்பூச்சு), கையில் பிடிக்கும் இடங்களிலும் உறையில் உரசும் குழல் முனையிலும் இயல்பாகத் தேய்ந்திருக்கும். பின்னாளில் மெருகேற்றி மறுபூச்சுப் பூசியதாக இருந்தால், பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், துளைகளின் விளிம்புகள் உட்குழிந்திருக்கும், கூர்மையாக இருக்க வேண்டிய மூலைகள் உருண்டிருக்கும். திருகுகளின் தலைகள் சிதைந்திருக்க, சுற்றியுள்ள உலோகம் மட்டும் கண்ணாடியாக மின்னினால் அது மறுபூச்சு என்பதில் ஐயமே வேண்டாம். மறுபூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பைப் பெரிதும் குறைத்துவிடும். பாதி தேய்ந்த அசல் பூச்சையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து, குழலின் உட்புறம். 1920களின் பிற்பகுதி வரை தோட்டாக்களில் பொட்டாசியம் குளோரேட் கலந்த வெடிமருந்தே பற்றவைக்கப் பயன்பட்டது. சுட்டபின் எஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். அன்றன்றே சுத்தம் செய்யாதவர்களின் பிஸ்டல்களில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளைக் காணலாம். வெளியே மின்னும் பிஸ்டலின் குழல் உள்ளே அரித்துப் போயிருந்தால், அந்த மினுமினுப்பு எப்போது வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

ரிம்ஃபயருக்கே உரிய இன்னொரு சேதம் உண்டு. இவ்வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருப்பதால், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அந்த விளிம்பைச் சேம்பரின் (குழலில் தோட்டா அமரும் அறையின்) ஓரத்தோடு வைத்து நசுக்குகிறது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகியவர்களின் கையில் அந்த அடி நேராகச் சேம்பர் ஓரத்திலேயே விழக்கூடும். அங்கே பள்ளம் விழுந்து, பிதுங்கிய உலோகம் தோட்டா ஏறுவதையும் வெற்றுக்கூடு வெளியேறுவதையும் தடுக்கும். பிஸ்டல் காலியாக இருப்பதை நீங்களே உறுதிசெய்துகொண்டு, ஸ்லைடைப் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) பின்னுக்கு நிறுத்தி, சிறு விளக்கும் உருப்பெருக்கியும் வைத்துப் பாருங்கள். கடையில் நின்று விசையைச் 'சும்மா' இழுத்துக் காட்டும் விற்பனையாளரைத் தயங்காமல் தடுங்கள்.

சேகரித்ததைச் சுடவும் எண்ணினால், உட்ஸ்மேனில் தயாரிப்புக் காலம் மிக முக்கியம். 1932 வாக்கில்தான் அதிவேகத் தோட்டாக்களைத் தாங்கும்படி பின்புற மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் (முதன்மைச் சுருள்வில்லைத் தாங்கும் பாகம்) வலுப்படுத்தப்பட்டது. அந்தப் பாகத்தின் பின்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமான கட்டம்போட்ட செதுக்கல் இருந்தால் அது பழையது, சாதாரண வேகத் தோட்டாவுக்கு மட்டுமே உரியது. கிடைமட்டக் கோடுகள் இருந்தால் பிந்தையது. இடையில் யாரேனும் பாகத்தை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், வரிசை எண் காட்டும் ஆண்டுடன் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பாகம் மாறியது தெரிந்தால், சுடுவதற்கு அது நல்லதாகவே இருக்கலாம். அசல் என்ற விலையை மட்டும் கொடுக்க வேண்டியதில்லை.

மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) அசலா என்பதையும் கேளுங்கள். அது தனியாகத் தேடினால் எளிதில் அமையாது. கோல்ட் நிறுவனம் கட்டணம் பெற்று, பிஸ்டல் எந்த ஆண்டு, எந்த வடிவில் தொழிற்சாலையை விட்டுச் சென்றது என்று தன் பழைய பதிவேடுகளிலிருந்து கடிதம் தருவதுண்டு. பெரிய தொகை கேட்கும் விற்பனையாளரிடம் அக்கடிதத்தைக் கேட்பதில் தவறில்லை. வாங்கிய பிறகு, கூடவே வந்த தோல் உறை எத்தனை அழகாக இருந்தாலும் பிஸ்டலை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிடும் பொருள்களும் பூச்சை அரிக்கும். லேசாக எண்ணெய் தடவி, உறையைத் தனியாகவும் பிஸ்டலைத் தனியாகவும் பூட்டிவையுங்கள்.