துரோகி என்று தீர்ப்புச் சொல்வது யார்?

கேள்வி: ஐயா, என் பேத்தி மெட்ரிக்கில் வரலாறு படிக்கிறாள். உள்நாட்டுப் போரில் தோற்றவர்களைத் தேசத்துரோகிகள் என்று தூக்கில் போடுவார்களே, அமெரிக்காவில் தென்மாநிலத் தலைவர்களை மட்டும் ஏன் விட்டார்கள் என்று கேட்கிறாள். நம் தென்னாப்பிரிக்காவில் எப்படி நடந்தது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: நல்ல கேள்வி அம்மா. தென்மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸை இரண்டு வருஷம் சிறையில் வைத்தார்கள், தேசத்துரோகக் குற்றச்சாட்டும் பதிவானது, ஆனால் விசாரணை நடக்கவே இல்லை. ஜூரி ஒருவேளை விடுதலை செய்துவிட்டால், மாநிலங்கள் பிரிந்துபோனதே சட்டப்படி சரி என்று ஆகிவிடுமே என்ற பயம் அரசுக்கு. கடைசியில் 1868 கிறிஸ்துமஸ் அன்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பொதுமன்னிப்பு கொடுத்தார்.

இங்கே 1914-இல், ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா) மீது படையெடுக்க அரசு முடிவு செய்ததும், டச்சு வம்சாவளி வெள்ளையர்களான போயர்களில் ஒரு பகுதியினர் கலகம் செய்தார்கள். கலகக்காரர்களின் பெரிய தளபதி டி வெட்டுக்கு ஆறு வருஷச் சிறையும் 2,000 பவுண்ட் அபராதமும், அதையும் அவர் முழுதாக அனுபவிக்கவில்லை. ஆனால் ஜோபி ஃபோரியை டிசம்பரிலேயே சுட்டுக் கொன்றார்கள், ராணுவப் பதவியை ராஜினாமா செய்யாமலே கலகத்தில் சேர்ந்தவர் என்பதால்.

அப்புறம் 1956. போர் என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆனாலும் வெள்ளையர் அரசின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த 156 பேரைத் தேசத்துரோகம் என்று பிடித்தார்கள். நம் டர்பன் டாக்டர் மான்டி நாயக்கரும் பில்லி நாயரும் அதில் உண்டு. வன்முறையால் அரசைக் கவிழ்ப்பதுதான் இவர்கள் கொள்கை என்று நிரூபிக்க அரசு நாலு வருஷத்துக்கு மேல் முயன்றும் முடியாமல், 1961 மார்ச்சில் மிச்சமிருந்தவர்களும் விடுதலையானார்கள். இங்கேதான் பேத்தி கவனிக்க வேண்டும். வழக்கில் தோற்ற அரசு சட்டத்தை மாற்றியது. 1962-இல் நாசவேலைச் சட்டம், 1967-இல் பயங்கரவாதச் சட்டம். குற்றமில்லை என்று நிரூபிக்கும் பாரத்தைப் பல இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே கட்டினார்கள். ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த நீதிபதியே, இது சாராம்சத்தில் தேசத்துரோகம்தான், ஆனால் அரசு அந்தக் குற்றச்சாட்டை வைக்கவில்லை என்று தீர்ப்பில் சொன்னார். பில்லி நாயரும் நாசவேலை வழக்கில்தான் ராபன் தீவுச் சிறையில் 20 வருஷம் கிடந்தார்.

அரசைக் கண்டிப்பது எனக்குச் சுலபம். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த குடியிருப்புகளான டவுன்ஷிப்புகளில் 'இம்பிம்பி', அதாவது போலீசுக்குத் துப்புக் கொடுப்பவர் என்று சந்தேகம் வந்தால் போதும், சாட்சியும் கிடையாது, வக்கீலும் கிடையாது. 1985 ஜூலையில் டுடூசா என்ற டவுன்ஷிப்பில் மாக்கி ஸ்கொசானா என்ற இளம்பெண்ணை ஒரு சவ அடக்கத்தில் வைத்தே கூட்டம் எரித்துக் கொன்றது. அதற்கு முந்தைய மாதம், ஊசியை இழுத்ததுமே வெடிக்கும்படி செய்த கையெறி குண்டுகளைப் போலீஸ் ஆள் ஒருவர் போராளிப் பையன்களிடம் கொடுத்து அவர்களைச் சாகடித்திருந்தார். அந்தப் பழி இந்தப் பெண் மேல் விழுந்தது. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை நல்லிணக்க ஆணையம் 1997-இல் இதையும் விசாரித்த பிறகுதான் அவர் பெயர் சுத்தமானது. போராட்டம் நியாயமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதற்காக இந்தக் கொலையை நியாயப்படுத்த மாட்டேன்.

பேத்தி இதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாக இருந்தால், ரிவோனியா தீர்ப்போடு டுடூசா விசாரணையையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆணையத்தின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.