சன்னல் மூலை விரிசல்: மண் இறக்கமா, உப்புத் துருவா?

தேவிப்பட்டினம் வீட்டில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல், பின்கதவும் உரசுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நம் கடற்கரையில் உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தும் விரிசல் விழும். ஆனால் அது பீம், தூண் வழியே நேராக ஓடும், பழுப்புக் கறை தெரியும், தட்டினால் பொத்தென்று கேட்கும். உங்களுடையது செங்கல் இணைப்பில் படிக்கட்டு போல ஏறி, மேலே அகன்று கீழே ஒடுங்கினால், வீட்டின் அந்தப் பக்க மூலை அடிமண்ணோடு இறங்குகிறது என்றே சந்தேகப்படுவேன். கதவை மட்டும் நம்பாதீர்கள், மழைக்கு மரம் ஊதும்.

முதலில் அந்த மூலையருகே உறிஞ்சுகுழி, உடைந்த குழாய் இருக்கிறதா பாருங்கள். கசியும் தண்ணீர் அடிமணலை அரித்துவிடும். அப்புறம் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தாலோ, விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை தயவுசெய்து பூசி மறைக்காதீர்கள்.